யார் வீட்டுத் திண்ணை?



‘பாட்காஸ்ட்’ என்கிற சொல் இப்போது நம்ம பிள்ளைகள் வாயில் சர்வ சாதாரணமாகப் புழங்குகிறது. நாமளும் ஒண்ணு ஆரம்பிக்கலாமே என்று குற்றாலம், தென்காசிப் பக்கத்து மாணவத் தோழர்கள் கேட்கிறார்கள். ஆரம்பிக்கலாம். ஆரம்பிக்கத்தான் வேண்டும். ஆனால் அது என்ன, எப்படி ஓடுது, யார் கையில் இருக்குது என்று தெரிஞ்சுக்கிட்டு ஆரம்பிக்கணும். தெரியாமல் போய் அடுத்தவன் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு, அவன் ‘எந்திரி’ என்று சொன்னதும் தெருவில் நிற்கிற நிலை நமக்கு ஒன்றும் புதுசு இல்லையே. அதனால்தான் இந்த இதழின் தலையங்கம் இதைப் பற்றி.

குற்றாலத்தில் நின்றுகொண்டு குரலைப் பற்றிப் பேசினால் குறவஞ்சியைத் தொடாமல் பேச முடியாது. இந்த மலையைப் பற்றி ஊர் உலகத்துக்கெல்லாம் சொன்னவள் ஒரு குறத்தி என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். ‘திருக்குற்றாலக் குறவஞ்சி’யில் வாய் ஓயாமல் பேசுகிறாள் அவள். மலைவளம் சொல்கிறாள், குறி சொல்கிறாள். ஆனால் அந்த வாய் அவளுடையது இல்லை, மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயருடையது. பாட்டு நல்லா இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. நாயக்க மன்னர் அந்தப் பாட்டுக்குக் கொடுத்த நிலத்துக்குக் ‘குறவஞ்சி மேடு’ என்று பேர். நிலம் போய்ச் சேர்ந்தது கவிராயருக்கு. குரல் குறத்தி பேரில், பட்டா கவிராயர் பேரில். இந்த ஒரு கணக்கை மனசில் வைத்துக்கொண்டு கைபேசிக்கு வருவோம்.

பாட்காஸ்டைத் தமிழில் ‘வலையொலி’ என்கிறார்கள். ரேடியோ மாதிரிதான், ஆனால் ரேடியோ இல்லை. ரேடியோவை ஒலிபரப்புகிற நேரத்தில் கேட்டால்தான் உண்டு. இது பதிவு செய்து வைத்த ஒலி. எப்போது வேண்டுமானாலும் இறக்கிக் கேட்கலாம். பாதியில் நிறுத்திவிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்து மீதியைக் கேட்கலாம். ஆனால் வெறும் ஒலிக்கோப்பு பாட்காஸ்ட் ஆகிவிடாது. வாட்சப்பில் வந்து விழுகிற குரல் செய்தியும் ஒலிக்கோப்புதானே. வித்தியாசம் சந்தாவில் இருக்கிறது.

சிறுபத்திரிகை நடத்தினவங்களுக்கு இது சட்டென்று புரியும். இதழ் அச்சாகி வந்ததும் முகவரி நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, உறை ஒட்டி, ஸ்டாம்பு ஒட்டி ஒவ்வொருத்தருக்கும் அனுப்புவோம். வாசகர் கடை கடையாகத் தேட வேண்டாம், இதழ் வீடு தேடிப் போகும். பாட்காஸ்டில் அந்த வேலையைச் செய்வதற்கு ‘ஃபீட்’ என்று பேர். தமிழில் ‘ஓடை’ என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள், நல்ல சொல்தான். அது ஒரு சின்ன எழுத்துக்கோப்பு. நிகழ்ச்சியின் பெயர், என்ன மொழி, ஒவ்வொரு பகுதியின் தலைப்பு, தேதி, அந்த ஒலி எந்த முகவரியில் கிடக்கிறது என்கிற விவரம் அதில் இருக்கும். கேட்கிறவர் கைபேசியில் இருக்கிற செயலி அவ்வப்போது அந்த ஓடையை எட்டிப் பார்க்கும். புதுசா ஒரு பகுதி சேர்ந்திருந்தால் இறக்கிக் கொடுத்துவிடும். பத்திரிகையில் வாசகர் முகவரி நம்ம கையில் இருந்தது. இங்கே தலைகீழ். நம்ம முகவரி வாசகர் கையில் இருக்கிறது. அந்த முகவரி மாறாமல் இருக்கிற வரைக்கும் நமக்கும் அவருக்கும் நடுவில் தரகர் யாரும் தேவையில்லை.

இந்த ஓடையை எழுதுகிற முறைக்கு ஆர்.எஸ்.எஸ். என்று பெயர். பதறாதீங்க! அந்த ஆர்.எஸ்.எஸ். வேற, இது வேற. முதலெழுத்து மட்டும்தான் ஒற்றுமை. 2000 டிசம்பரில் டேவ் வைனர் என்கிற அமெரிக்கர் இந்த முறையில் ஒலிக்கோப்பையும் இணைத்து அனுப்புகிற வழியைச் சேர்த்தார். அதற்குத் தூண்டுதலாக இருந்தவர் எம்.டி.வி.யில் நிகழ்ச்சி நடத்திய ஆடம் கரி. ‘பாட்காஸ்ட்’ என்கிற பேர் வந்தது பிற்பாடுதான், 2004 பிப்ரவரியில், லண்டன் ‘கார்டியன்’ பத்திரிகையில் பென் ஹேமர்ஸ்லி எழுதிய கட்டுரையில். ஐபாட் கருவியையும் பிராட்காஸ்ட் என்கிற சொல்லையும் ஒட்டுப்போட்ட பேர் அது. பேரை விட நமக்கு முக்கியமான சேதி வேறு. வைனர் அதைத் தன் சொத்தாகப் பூட்டி வைக்கவில்லை. 2003இல் அதன் விதிமுறையை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஒரு மையத்திடம் ஒப்படைத்துப் பொதுவாக்கிவிட்டார். யாரும் எழுதலாம், யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம், யார் உத்தரவும் வேண்டாம்.

சரி, ஓடை நம்ம கையில். அப்படி ஒன்று ஓடுதுன்னு சனங்களுக்கு எப்படித் தெரியும்? இங்கேதான் ‘டைரக்டரி’ வருகிறது. அடைவு என்று எழுதலாம், பட்டியல் என்றே சொல்லிவிட்டுப் போகலாம். 2005 ஜூனில் ஆப்பிள் கம்பெனி தன் ஐடியூன்ஸில் ஏறத்தாழ 3,000 நிகழ்ச்சிகளோடு ஒரு பட்டியலைத் திறந்தது. அதற்குப் பிறகுதான் இது பெரிய சந்தை ஆனது. ஆப்பிள் பட்டியல் நம்ம ஒலியை வாங்கி வைத்துக்கொள்வது இல்லை. ஓடையின் முகவரியைக் குறித்துக்கொண்டு, தேடி வருகிறவரை நம்ம வாசலுக்கு அனுப்புகிறது. ஸ்பாட்டிஃபை பட்டியலும் வைத்திருக்கிறது, ஒலியைச் சும்மா வைத்துக்கொள்ள இடமும் தருகிறது. யூடியூப் கோப்பையே தன்னிடம் வாங்கிப் போட்டுக்கொள்கிறது. இவற்றுக்கு மாற்றாக 2020இல் அதே ஆடம் கரியும் டேவ் ஜோன்ஸ் என்பவரும் சேர்ந்து ‘பாட்காஸ்ட் இன்டெக்ஸ்’ என்று ஒரு திறந்த பட்டியல் தொடங்கினார்கள். 40 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓடைகள் அதில் பதிவாகியிருக்கின்றன. யார் வேண்டுமானாலும் அதை எடுத்துத் தங்கள் செயலியில் பயன்படுத்தலாம்.

புதுசா வருகிறவர்கள் பட்டியலையே வீடு என்று நினைத்துவிடுகிறார்கள். ‘எங்க பாட்காஸ்ட் ஸ்பாட்டிஃபைல இருக்கு’ என்கிறார்கள். அங்கே தெரிகிறது என்று சொல்லுங்கள், சரி. அங்கேதான் இருக்கிறது என்றால் யோசிக்க வேண்டும். கூகுள் எவ்வளவு பெரிய கம்பெனி! 2018இல் ‘கூகுள் பாட்காஸ்ட்ஸ்’ என்று கடை விரித்தது, 2024இல் இழுத்து மூடிவிட்டது. ‘ஸ்டிச்சர்’ என்கிற பழைய செயலி 2023 ஆகஸ்டில் போய்விட்டது. ஓடையைத் தன் கையில் வைத்திருந்தவர்களுக்கு ஒரு பெயர்ப்பலகை போச்சு, அவ்வளவுதான். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வேறு செயலியில் அதே முகவரியைப் போட்டுக் கேட்டார்கள். ஒலி, முகவரி, சந்தா எல்லாவற்றையும் ஒரே கம்பெனியின் இலவச இடத்தில் கொட்டி வைக்கிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது. சும்மா கிடைக்கிற திண்ணைக்கு வாடகை இல்லைதான், ஆனால் சாவியும் நம்மிடம் இல்லை.

பட்டியலுக்குள்ளேயும் ஓர் அரசியல் இருக்கிறது. நிகழ்ச்சியைப் பதிவு செய்யும்போது எந்த வகையில் சேர்க்க என்று கேட்பார்கள். ஆப்பிள் 2019இல் திருத்தி அமைத்த பட்டியலில் 19 பெருந்தலைப்புகள். மதம், ஆன்மீகம் என்கிற தலைப்புக்குக் கீழே பௌத்தம், கிறித்தவம், இந்து, இஸ்லாம், யூதம் என்று தனித்தனி அறை உண்டு. சமூகம், பண்பாடு என்கிற தலைப்பில் ஆவணம், சொந்த அனுபவம், தத்துவம், ஊர்ப் பயணம், உறவுகள். சாதி என்று ஓர் அறை கிடையாது. சதி செய்து விட்டார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. கலிபோர்னியாவில் உட்கார்ந்து அறை பிரித்தவர்களுக்கு அப்படி ஒன்று தோன்றவே இல்லை. அப்படித் தோன்றாமல் போவதுதான் அதிகாரத்தின் சௌகரியம். நமக்கு இதில் காரியமாகச் செய்ய வேண்டியது என்னவென்றால், அறை இல்லாத இடத்தில் குறிப்பை நல்லா எழுதணும். ஆட்கள் தேடுவது சொல்லை வைத்துத்தான். ஊர்ப் பேர், பிரச்சினையின் பேர், இயக்கத்தின் பேர் எல்லாம் குறிப்பில் வரட்டும். தமிழிலும் எழுதுங்கள், ஆங்கில எழுத்திலும் எழுதுங்கள். மொழி என்கிற கட்டத்தில் தமிழைத் தேர்வு செய்ய மறக்காதீங்க. அது பாட்டுக்கு ஆங்கிலம் என்று கிடந்தால், தமிழ் என்று வடிகட்டித் தேடுகிறவர் கண்ணில் நாம் பட மாட்டோம்.

இவ்வளவு பாடு எதுக்கு, ரேடியோ போதாதா என்று மூத்த தோழர்கள் கேட்பார்கள். பஞ்சாயத்து ரேடியோ காலத்தை நினைத்துப் பாருங்கள். பெட்டி ஊர்ப் பக்கம், குழாய் ஊரைப் பார்த்து. காற்று சேரிப் பக்கம் அடித்தால் நமக்கும் கேட்டது. கேட்கத்தான் முடிந்தது. காற்றலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. பொதுச்சொத்து என்று தீர்ப்பான பிறகும், தொண்டு நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்த அனுமதி வருவதற்கு 2006 ஆகிவிட்டது. இப்போது தெலங்கானாவில் இருக்கிற சகீராபாத் பக்கம் மாச்சனூரில் தலித் பெண்கள் ‘சங்கம் ரேடியோ’வைத் தொடங்கியது 2008 அக்டோபர் 15 அன்று. அதற்கு முன்னால் ஏறத்தாழ 10 ஆண்டுகள் அந்தப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. உரிமம் வரவில்லை என்றாலும் விதை, பாட்டு, கூலி, வைத்தியம் என்று பேசிப் பதிவு செய்தார்கள். கேசட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். பாட்காஸ்ட் என்கிற பேர் பிறப்பதற்கு முன்பே அவர்கள் நடத்தியது பாட்காஸ்ட்தான் என்பது எங்கள் கருத்து.

உரிமம் கிடைத்தாலும் சமுதாய வானொலிக்குக் கைவிலங்கு உண்டு. சாதாரணமாக 100 வாட் சக்தி, 10 முதல் 15 கிலோமீட்டர் வரைதான் எட்டும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது என்பதுதான் பெரிய தடை. அகில இந்திய வானொலியின் செய்தியை எடுத்து ஒலிபரப்பலாம். நம்ம தெருவுக்கு ஒரு வாரமாகத் தண்ணி விடவில்லை என்று சொன்னால் அது செய்தியா, இல்லையா? பாட்காஸ்டுக்கு அப்படி உரிமம் வாங்கத் தேவையில்லை. அதற்காகச் சட்டமே கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். அவதூறு வழக்கு இங்கேயும் உண்டு. இணையத்தில் செய்தி வெளியிடுகிறவர்களுக்கு 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளும் உண்டு.

கேட்கப் போகிறவர் யார் என்பதையும் யோசிப்போம். இன்றைக்குப் பாட்காஸ்ட் என்றதும் இரண்டு பேர் சொகுசு நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தை மறைக்கிற மாதிரி மைக்கை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் சிரிக்கிற வீடியோதான் ஞாபகம் வருகிறது. அது தொலைக்காட்சியின் தம்பி. அதைப் பார்க்கக் கண்ணும் வேண்டும், ஓய்வும் வேண்டும், டேட்டாவும் வேண்டும். நம்ம பெண்களுக்கு அந்த மூன்றும் கிடையாது. ஆலங்குளம், கடையம், பாவூர்சத்திரம் பக்கம் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்களே, அவர்களுக்குக் கையும் கண்ணும் இலையில் இருக்கும், காது சும்மாதான் இருக்கும். இந்தக் காதைத் தொழிலாளிகள் முன்னமே கண்டுபிடித்துவிட்டார்கள். கியூபாவில் ஹவானா சுருட்டு ஆலைகளில் 1865இலேயே ஒருவர் மேடையில் உட்கார்ந்து பத்திரிகையும் நாவலும் உரக்க வாசிப்பார். அவருக்குச் சம்பளம் முதலாளி கொடுக்கவில்லை, தொழிலாளிகள் கைக்காசு போட்டுக் கொடுத்தார்கள். நமக்குப் பக்கத்தில், கண்ணூரில், பீடித் தொழிலாளிகள் முறைவைத்து வாசித்தார்கள். வாசிக்கிறவர் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். 1969இல் தொடங்கிய தினேஷ் பீடி கூட்டுறவிலும் அந்தப் பழக்கம் தொடர்ந்தது. கேரளத்துப் பீடித் தொழிலாளியின் அரசியல் அறிவு அந்தக் காது வழியாக ஏறினது. நம்ம பக்கம் பீடி வீட்டுக்குள்ளே சுற்றப்படுகிறது. ஒவ்வொரு பெண்ணும் தனித்தனி. ஒரே கூடத்தில் உட்கார்த்தி வாசித்துக் காட்ட வழியில்லை. கைபேசியால் அது முடியும்.

ஒரு தரம் பேசுவதற்கு ஆகிற செலவையும் சொல்லிவிடுகிறோம். பேச்சு மட்டும்தான் என்றால் 64 கிலோபிட் அளவில், ஒற்றைத் தடமாக எம்பி3 கோப்பு செய்தால் போதும். அரை மணி நேரத்துக்கு 14 எம்.பி. சுமார். பட்டன் போனில் மெமரி கார்டு போட்டுக் கேட்கலாம். ஆண்ட்ராய்டு வைத்திருக்கிறவர்களுக்கு ‘ஆன்டெனாபாட்’ என்று ஒரு செயலி இருக்கிறது. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, மூலநிரல் திறந்தது. முதல் ஒரு மாதம் அதைப் போட்டுக்கொண்டு பிறர் நடத்துகிற நிகழ்ச்சிகளை நாலு விதமாகக் கேட்டுப் பாருங்கள். அப்புறம் மைக்கைத் தொடலாம். பதிவு வெட்டி ஒட்ட ‘ஆடாசிட்டி’ இலவசம். ஒலியை வைக்க 1996இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ் இலவசமாக இடம் தருகிறது. சொந்தமாக ஓர் இணைய முகவரி வாங்க ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் அளவில் ஆகும். டீ செலவில் மிச்சம் பிடித்தாவது அதை இயக்கத்தின் பேரில் வாங்குங்கள். ஓடை அந்த முகவரியில் இருக்கட்டும். நாளைக்கு ஒலி வைக்கிற இடம் மாறினாலும் கேட்கிறவருக்கு எதுவும் மாறாது. ஓடையில் ஒரு மின்னஞ்சல் கேட்பார்கள். சில இடங்களில் அது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். தனி ஆள் மின்னஞ்சலைக் கொடுக்காதீங்க, முக்கியமாகப் பெண் தோழர்கள்.

எதைப் பதிவு செய்வது என்கிற கேள்விக்கு எங்களிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. கிழடுகளை. அம்பேத்கர் 1955இல் பி.பி.சி.க்குக் காந்தியைப் பற்றிக் கொடுத்த பேட்டியை அச்சில் படித்தவர்கள், அதையே அவர் குரலில் கேட்டுப் பார்க்க வேண்டும். நிதானமாக, கொஞ்சம் எரிச்சலோடு, ஒளிவுமறைவு இல்லாமல் பேசுகிறார். அச்சில் வாதம் இருக்கிறது, ஆள் இல்லை. குரலில் ஆளும் இருக்கிறார்.

நம்ம பக்கத்துக்கு வருவோம். தென்காசிக்கு அருகே மீனாட்சிபுரம். 1981 பிப்ரவரி 19 அன்று ஏறத்தாழ 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்துக்குப் போனார்கள். தில்லியே கிடுகிடுத்தது. அமைச்சர்கள் வந்தார்கள், கட்சித் தலைவர்கள் வந்தார்கள், பத்திரிகைக்காரர்கள் ஜீப்பு ஜீப்பாக வந்தார்கள். வளைகுடாப் பணம் என்று ஒரு தரப்பு எழுதியது. தீண்டாமை என்று இன்னொரு தரப்பு எழுதியது. புத்தகங்கள் வந்தன. ஊர்க்காரர்களும் பேசினார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வந்தவர் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொன்னார்கள். எத்தனை ரூபாய் வாங்கினாய் என்று கேட்டால் வாங்கவில்லை என்றுதானே சொல்ல முடியும்? அதுக்கு முந்தின நாள் ராத்திரி வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள், எந்த ஆச்சி வரமாட்டேன் என்று அழுதாள், டீக்கடையில் அடுத்த வாரம் கிளாஸ் மாறியதா, புதுப் பேரைச் சொல்லிக் கூப்பிட எத்தனை நாள் ஆனது... இதையெல்லாம் யாராவது நிதானமாக உட்கார்ந்து கேட்டிருந்தால் அது நம் வரலாறு. அன்றைக்கு 20 வயது என்றால் இன்றைக்கு அறுபது தாண்டியாயிற்று. அன்றைக்கே நாற்பது என்றால் ஆள் இருக்கிறாரோ என்னவோ. 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணியில் 17 பேர் செத்தார்களே, அன்றைக்கு ஆற்றில் இறங்கித் தப்பித்துக் கரையேறினவர்களுக்கும் இப்போது நரை விழுந்துவிட்டது. மாஞ்சோலையிலிருந்து இறங்கினவர்கள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் குரலை எடுக்க ஸ்டுடியோ கட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. கையில் இருக்கிற போனே போதும்.

போகும்போது சில விஷயம். சாரல் காலத்தில் வெளித்திண்ணையில் வைத்துப் பதிவு பண்ணாதீங்க, காற்று மைக்கில் மோதி ஒன்றும் விளங்காது. தகரக் கூரையும் வேண்டாம், ஒரு தூறல் போட்டால் அம்புட்டும் போச்சு. துணிமணி தொங்குகிற உள் அறைதான் நல்ல ஸ்டுடியோ. போனைப் பேசுகிறவர் பக்கம் ஒரு சாண் தூரத்தில், கீழே ஒரு துணி மடித்துப் போட்டு வையுங்கள். பேச்சைத் திருத்தாதீர்கள். ‘அங்கன’ என்று சொன்னால் ‘அங்கன’தான். நடுவில் வெற்றிலை இடித்தால் இடிக்கட்டும். கேள்வி குறைவாகக் கேளுங்கள். நாம் படித்த சொல்லை அவர் வாயில் திணித்தால் நாமும் ஒரு கவிராயர்தான்.

குரலை வைத்து ஆளை அடையாளம் கண்டுபிடிக்க முடியும் என்பதை மறந்துவிடக் கூடாது. பேரை மாற்றினாலும் ஊர்க்காரனுக்கு இருமலிலேயே தெரிந்துவிடும் யார் என்று. பேசுகிறவர் இன்னும் அதே ஊரில், அதே பண்ணையாரின் வரப்பில் நடந்துதான் போய் வர வேண்டியிருக்கிறது. அதனால் பதிவு செய்ததை முதலில் அவருக்கே போட்டுக் காட்டுங்கள். எங்கெல்லாம் போகும், யாரெல்லாம் கேட்பார்கள் என்று விளங்கும்படி சொல்லுங்கள். இந்த இடத்தை வெட்டிடு தாயி என்றால் வெட்டிவிடுங்கள். மொத்தமாக வேண்டாம் என்றால் மொத்தமாக வேண்டாம். இப்போ வேண்டாம், நான் போன பிறகு போட்டுக்கோ என்று சொல்கிறவர்களும் உண்டு. அப்படிப்பட்ட பதிவைத் தேதி எழுதி மூன்று இடத்தில் படியெடுத்துப் பத்திரமாக வைக்க வேண்டும். வெளியிட்டாலும் வெளியிடாவிட்டாலும் ஒரு படி அந்த வீட்டிலேயே, பேரப்பிள்ளை கையில் ஒரு மெமரி கார்டில் இருக்கட்டும்.

– ஆசிரியர் குழு